நாலு பேர் கல்

— முடியாதுன்னா முடியாதும்மா. அந்தப் பேர் கல்லுல ஏறாது.

— காது கேக்குது ஐயா. கத்த வேண்டாம்.

— நான் எங்க கத்தினேன்? என் தொண்டையே அப்படி. ஆயுசு முழுக்க கரி இன்ஜின் பக்கத்துல நின்னு பேசினவன் வேற எப்படிப் பேசுவான்?

— மாப்ளே ரகசியம் பேசினாலே தெருமுனை நாய் எந்திரிச்சு உக்காரும்மா. நீ மனசுல வெச்சுக்காதே.

— நீ சும்மா இரு மச்சான். ஏம்மா, நான் கேக்கறேன், கீழே என் மககிட்ட என்ன சொல்லிட்டு மேல வந்தே? கல்லு வெட்டறவ, பேரெல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க வந்திருக்கேன்னுதானே?

— கல்லு வெட்டறவதான். பொய்யில்லை. உங்க சங்கம் புதுக் கல்லுக்கு என் பட்டறையிலதான் சொல்லியிருக்கு. பழைய கல்லு, ரயில் பாதையை அகலப்படுத்தும்போது உடைஞ்சுபோச்சு.

— அதுல நாலு பேர் இருந்துச்சு. இதுலயும் நாலு பேர்தான். ஊரே அதை நாலு பேர் கல்லுன்னுதான் சொல்லும். நீ எங்கிருந்து அஞ்சாவதா ஒருத்தனைக் கொண்டு வர்றே?

— அன்னிக்கு அங்க அஞ்சு பேர் செத்தாங்க.

— நாலு பேர் செத்தாங்க. ஒருத்தன் கொன்னான். கொன்னவனும் சேர்ந்து செத்தான். அதுக்காக அவனுக்கும் கல்லா?

— அவர் என் தாத்தா.

— மச்சான், கதவைத் திற. இந்தப் பொண்ணு கீழே போகட்டும்.

— அட விடு மாப்ளே. வெளியில மழை கொட்டுது. பொண்ணு இப்பத்தான் நனைஞ்சு வந்து உக்கார்ந்திருக்கு.

— அந்தப் பட்டாளத்தான் வம்சம் என் வீட்டு நாற்காலியில உக்காரக் கூடாது.

— உங்க மகதான் உக்காரச் சொன்னாங்க. துண்டு எடுத்துட்டு வந்து அவங்க கையாலேயே என் தலையைத் துவட்டி விட்டாங்க. யாரு எவருன்னுகூடக் கேக்கலை.

— அது அப்படித்தான். பூனை நனைஞ்சு வந்தாலும் துவட்டி விடும்.

— போறேன் ஐயா. போறதுக்கு முன்னால ஒரு சேதி. பட்டறையில ரெண்டு கல்லு தயாரா இருக்கு. ஒண்ணுல நாலு பேரை வெட்டிட்டு, கீழே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கேன். டிரைவர் ஐயா ஒத்துக்கிட்டா அஞ்சாவது பேர் போடலாம்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்.

— ஒத்துக்கமாட்டேன். ரெண்டாவது?

— ரெண்டாவதுல உங்க பேர் மட்டும்தான். பக்கத்துல ‘ஐந்து பேரைக் கொன்றவர்’னு. உங்க வாசலுக்கு எதிர்ல சைக்கிள் கடை இருக்கே, அது எங்க சித்தப்பா மருமகனோடது. சுவர்ல பதிச்சுக்கோன்னுட்டான். எழுத்தை நல்லா ஆழமா வெட்டியிருக்கேன். சுண்ணாம்பு பூசினாலும் மறையாது.

— பாத்தியா மச்சான்? நெஞ்சழுத்தத்தைப் பாத்தியா?

— சும்மா சொல்லக் கூடாது, உனக்குச் சரியான ஜோடிதான் மாப்ளே. ஏம்மா, பழி வாங்கறதுக்குன்னு யாராவது கல்லைச் சுமப்பாங்களா? ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போகலாமே, செலவில்லாம.

— திட்டினா காத்துல போயிடும். எங்க குடும்பத்தை இவர் வாயால மட்டுமா அடிச்சார்? ரயில்வே லைன் வீட்டுல இருந்து சாமானைத் தெருவுல எறிய வெச்சது யாரு?

— நான்தான். பெரிய அதிகாரி வீட்டு வாசல்ல போய் நின்னு, நான்தான் சொன்னேன். செத்த நாலு பேர் பொண்டாட்டி புள்ளைங்க குடியிருக்கற லைன்ல அவன் குடும்பமும் விளக்கேத்தக் கூடாதுன்னேன். இன்னிக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

— எங்கப்பாவுக்கு அப்போ ஒம்பது வயசு. தெருவுல கிடந்த பாத்திரத்தைப் பொறுக்கினப்ப, கூடப் படிச்ச பசங்களே கல்லால அடிச்சாங்களாம். மண்டையில அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. அப்புறம் கல்லு வெட்டற வேலைக்கே போனார். ஊர்ல செத்தவங்க எல்லார் பேரையும் அவர் வெட்டியிருக்கார். அவங்க அப்பா பேரை மட்டும் இதுவரைக்கும் வெட்டலை. இப்ப கை நடுங்குது, உளி பிடிக்க முடியலை. கண்ணு மட்டும் தெரியுது. அதுவும் போறதுக்குள்ள அந்தப் பேரை அவர் படிக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்.

— உங்கப்பன் பாவம். அதுக்கு நான் என்ன செய்ய? அவனைப் பெத்தவன் செஞ்ச காரியம் அது. இவனையே கேளு. தண்டவாள வேலை பார்த்த அந்த கேங்குக்கு இவன்தான் மேஸ்திரி. ஒண்ணா வேலை பார்த்தவன். என் பொண்டாட்டியோட அண்ணன்.

— நீங்கதான் அந்த மேஸ்திரியா?

— ஆமாம்மா. கிழவன் ஆனாலும் மேஸ்திரிதான்.

— உங்களை எங்கெங்கேயோ தேடினேன். இங்கேயே இருக்கீங்க. ரொம்ப நல்லதாப் போச்சு.

— என்னம்மா இது, டாக்டர் ஊசி போடறதுக்கு முன்னால பேசற மாதிரி பேசறே?

— மச்சான், உன் விளையாட்டெல்லாம் அப்புறம். சொல்லு இவளுக்கு. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு.

— எதுக்கு மாப்ளே பழைய புண்ணைக் கிளறிக்கிட்டு?

— அப்ப நான் சொல்றேன். வளைவுல தண்டவாளம் மாத்திட்டிருந்தாங்க. அந்த மாதிரி வேலை நடக்கும்போது, வண்டி வர்ற பக்கம் ரொம்பத் தள்ளி ஒருத்தனை நிறுத்துவாங்க. வண்டி வந்தா அவன் சிவப்புக் கொடி காட்டணும். கொடி இல்லையா, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கணும். அதைப் பார்த்தா எந்த டிரைவரும் பிரேக்கைப் பிடிச்சே ஆகணும். ஒரு கையை மட்டும் நேராத் தூக்கிப் பிடிச்சா என்ன தெரியுமா?

— வண்டி வரலாம்னு அர்த்தம். விசாரிச்சிருக்கேன்.

— உன் தாத்தன் ஒரு கையைத் தூக்கினான். கம்பம் மாதிரி நேரா. பாதை சுத்தமா இருக்கு, வான்னான். நான் வேகத்தைக் கூட்டினேன். வளைவு திரும்பினா எதிர்ல மனுஷங்க. பிரேக்கைப் பிடிச்சேன். பிடிச்சுட்டே இருந்தேன். நின்னப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. வீட்டுக்கு வர்றேன், என் பொண்டாட்டிக்குப் பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. தூக்குடான்னு கையில குடுத்தாங்க. என் கையில நான் அதை வாங்கலை. நாள்கணக்கா வாங்கலை. அதையும் அவன்தான் எங்கிட்டயிருந்து பிடுங்கினான். செத்ததால தப்பிச்சான். உயிரோட இருந்திருந்தா நானே முடிச்சிருப்பேன்.

— சரி ஐயா. எந்திரிச்சு நில்லுங்க.

— எதுக்கு?

— அவர் எப்படி நின்னார்னு எனக்குக் காட்டுங்க. எங்கப்பாவை விட்டா, என் தாத்தாவைப் பார்த்த மனுஷங்கள்ல இங்க வர்றதுக்கு முன்னால நான் கண்டுபிடிச்சது ரெண்டே பேர். ஒருத்தர் சிப்பாய்ங்க விடுதியில படுத்த படுக்கையா இருக்கார். இன்னொருத்தர் நீங்க. காட்டிட்டு உக்காருங்க.

— மாப்ளே, முட்டி வலிக்குதுன்னு காலையிலதான் தைலம் போட்டே. நிக்காதே.

— கையை விடு மச்சான். காட்டறேன். நல்லாப் பார்த்துக்கோ. இப்படி. வலது கை. நேரா.

— இடது கை?

— இடது கை கீழே.

— தொடைப் பக்கமா தொங்குச்சா?

— தொங்கலை. இரு. இங்க இருந்துச்சு. நெஞ்சுகிட்ட. முழங்கை மடங்கி. சட்டைப் பட்டனைப் போடற மாதிரி. அதைப் பார்த்துதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நாலு பேர் உயிரைக் கையில வெச்சுக்கிட்டு பட்டன் போடறான்னு.

— அந்தத் தோள் எப்படி இருந்துச்சு?

— துடிச்சுது. உடம்பையே ஒரு பக்கமாச் சாய்ச்சு உதறினான், மேல ஏதோ பூச்சி விழுந்த மாதிரி. இதையெல்லாம் ஏம்மா கேக்கறே?

— விடுதியில இருக்கறவர் அவரோட ஒரே படையில இருந்தவர். அவர் சொன்னார். சண்டையில குண்டுச் சில்லு ஒண்ணு தாத்தாவோட இடது தோள்ல பாய்ஞ்சு எலும்போட நின்னுபோச்சாம். எடுக்க முடியலை. அதுக்கப்புறம் அந்தக் கை நெஞ்சுக்கு மேல ஏறவே இல்லை. எதிரிகிட்ட சரணடையணும்னாக்கூட நம்மாளு ஒரு கையைத்தான் தூக்குவான், அவனுங்க நம்பாம சுட்டுருவானுங்கன்னு கூட இருந்தவங்க கேலி பண்ணுவாங்களாம். தலை வழியா மாட்டற பனியன்கூட அவர் போட்டதில்லை. முன்பக்கம் திறந்த சட்டைதான். அதைக் கழட்டறதுக்கும் எங்கப்பா பின்னாடி நின்னு இழுக்கணும். ஐயா, நீங்க பார்த்தது பட்டன் போடற கை இல்லை.

— தூக்கப் பார்த்திருக்கான்.

— ஆமா.

— ரெண்டையும் தூக்கப் பார்த்திருக்கான். ஒண்ணுதான் ஏறியிருக்கு.

— மாப்ளே, உக்காரு. மூச்சு வாங்குது உனக்கு.

— அப்புறம் ஏன் ஓடினான்? நான் பார்த்தேனே. திரும்பி ஓடினானே.

— எந்தப் பக்கம் ஓடினார்?

— எனக்கு முன்னால. வளைவுப் பக்கம்.

— பாதைக்கு வெளியிலயா, உள்ளயா?

— உள்ள. தண்டவாளத்துக்கு நடுவுல.

— உயிருக்குப் பயந்து ஓடறவர் சரிவுல குதிச்சிருப்பார். கேங் இருந்த பக்கம், உங்க இன்ஜினுக்கு முன்னால, தண்டவாளத்துக்கு நடுவுல ஓடியிருக்கார். எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க.

— கத்திட்டே ஓடியிருப்பான். இன்ஜின் சத்தத்துல எனக்கு எங்க கேக்கும்? நான் விசில் அடிச்சேன். ஓரம் போடான்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். கடவுளே, ஓடறவனை நான் திட்டிட்டே வந்தேன்.

— அட விடு மாப்ளே. தெரியாம நடந்தது. ஏதோ அவன் விதி. பேர்தானே கேக்குது பொண்ணு, போட்டுட்டுப் போகட்டும். நான் சங்கத்துல சொல்லிடறேன். ஆச்சா? மழை விட்ட மாதிரி இருக்கு.

— மழை விடலை மச்சான். நான் உன்னை ஒண்ணு கேக்கறேன்.

— கேளேன்.

— கை ஏறாத ஆளை நீ ஏன் அங்க நிறுத்தினே?

— எனக்கு என்ன தெரியும்? பட்டாளத்துல இருந்து வந்தவன், கண்ணு கூர்மையா இருக்கேன்னு நிறுத்தினேன். கை ஏறாதுன்னு அவன் சொல்லலையே.

— மேஸ்திரி.

— என்னம்மா?

— எங்கப்பா உங்களை மேஸ்திரி மாமான்னு கூப்பிடுவாராம். நீங்க ஒருநாள் அவர் தோளைப் பிடிச்சுச் சொன்னீங்களாம். டேய், உங்கப்பாவுக்குக் கை வராதுன்னு தெரிஞ்சா ரயில்வேல வீட்டுக்கு அனுப்பிடுவான், சட்டை கழட்டும்போது யாரும் பார்க்காம நீதான் பார்த்துக்கணும், நான் அவருக்குக் குனிஞ்சு செய்யற வேலையாக் குடுத்துக்கறேன்னு. நல்லவர்னுதான் அவர் உங்களைப் பத்திச் சொல்லுவார்.

— சின்னப் பையன். அவன் ஏதோ...

— பொணத்தை வாங்கப் போனப்பவும் நீங்க வந்தீங்களாம். கை விஷயத்தை வாயே திறக்காதீங்க, ஊனத்தை மறைச்சு வேலைக்குச் சேர்ந்தான்னு அதையும் குத்தத்துல சேர்ப்பாங்க, பொணத்தைக்கூடத் தரமாட்டாங்கன்னு. எங்க வீட்டுல உங்களை நம்பி வாயை மூடினாங்க. மூடின வாயோடதான் தெருவுக்கு வந்தாங்க.

— மச்சான், என் மூஞ்சியைப் பாரு.

— பார்த்துட்டுத்தான் இருக்கேன்.

— விசாரணையில என் பக்கத்துல நின்னு நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. கொடியை அவன் கையில குடுத்தேன், அவன்தான் காட்டலைன்னே. அவன் கையில கொடி இல்லை. சோம்பேறி, எங்கேயோ புதர்ல போட்டுட்டு நிக்கறான்னு நினைச்சேன். கொடி எங்க இருந்துச்சு மச்சான்?

— மாப்ளே, வேணாம்.

— உன் கேங்குக்குன்னு ஒரு கொடிக்காரன் இருந்தானே, சைக்கிள் வெச்சிருப்பானே, ஒல்லியா. அன்னிக்கு அவன் எங்க போனான்?

— வேணாம்னு சொல்றேன். இந்தப் பொண்ணு முன்னால வேணாம்.

— இவ முன்னாலதான் சொல்லணும்.

— ஐயா, விடுங்க, அவர் சொல்லமாட்டார். மேஸ்திரி, ரெண்டாவது கல்லு இன்னும் பட்டறையிலதான் கிடக்கு. பின்பக்கம் வழவழன்னு இருக்கு. திருப்பிப் போட்டு உங்க பேரை வெட்ட எனக்கு ஒரு சாயங்காலம் போதும். சைக்கிள் கடைச் சுவர் எங்கேயும் போகாது.

— வெட்டிக்கோ. நான் கிழவன். என் பேரைச் செருப்புலகூட எழுதிக்கோ. ஆனா எதுக்காகன்னு மட்டும் எழுதிடாதே தாயி. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.

— எதுக்காக?

— சொல்லு மச்சான்!

— கத்தாதே, கீழே கேக்கப் போகுது. கொடிக்காரனை நான்தான் அனுப்பினேன். வேலை நடக்கும்போது ஆள் ஓடி வந்துச்சு. உன் பொண்டாட்டிக்கு வலி எடுத்து, புள்ள குறுக்கே நிக்குதாம். கூட இருந்த கிழவிக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. நர்ஸம்மா வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம். சைக்கிள் அவன்கிட்டத்தான் இருந்துச்சு. பறடா, என் தங்கச்சி போயிடுவான்னேன். பறந்தான். கொடி ரெண்டும் அவன் சைக்கிள் பையில இருந்திருக்கு. அது அவனுக்கும் நினைப்பில்லை, எனக்கும் நினைப்பில்லை. பட்டாளத்தானைப் பார்த்து, நீ போய் நில்லுய்யான்னேன். என் கை உங்களுக்குத் தெரியுமே மேஸ்திரின்னான். கொஞ்ச நேரம்தான், இப்ப எந்த வண்டியும் இல்லை, பார்த்தா ஒரு சத்தம் குடுன்னேன். சரக்கு வண்டி அன்னிக்கு நேரங்கெட்ட நேரத்துல வந்துச்சு. அதுல நீ இருந்தே.

— தெரியுமேன்னு அவன் சொன்னானா?

— சொன்னான். சொல்லிட்டு, சரி மேஸ்திரின்னு போனான். பட்டாளத்தான், எதிர்த்துப் பேசமாட்டான்.

— அதுக்கப்புறம் அவன் தலையிலேயே எல்லாத்தையும் கட்டினே.

— வேற என்ன செய்யச் சொல்றே? அவன் செத்துட்டான். என் தங்கச்சி பொழைச்சா, புள்ள பொழைச்சுது. நான் உள்ள போனா அவங்களை யார் பார்ப்பா? நீ அப்போ பைத்தியம் மாதிரி சுவரைப் பார்த்துட்டுக் கிடந்தே. உன் வீட்டு அடுப்புல உலை வெச்சவன் நான். உன் புள்ளையைத் தூக்கி வளர்த்தவன் நான்.

— எங்கப்பாவை யார் தூக்கி வளர்த்தாங்க மேஸ்திரி?

— தெரியும்மா.

— தெரியாது. உங்களுக்குத் தெரியாது. தாத்தா எங்கப்பாகிட்ட, மேஸ்திரி இருக்கற வரைக்கும் நமக்குக் கவலை இல்லைடான்னு சொல்லுவாராம். அதை வெட்டட்டுமா கல்லுல?

— எதை வேணா வெட்டு. அவளுக்கு மட்டும் தெரிய வேணாம். தான் பொறந்ததுக்காக அஞ்சு பேர் செத்தாங்கன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. உனக்கே தெரியும். உன் தலையைத் துவட்டினவ. படியில சத்தம் கேக்குது. டீ எடுத்துட்டு வர்றா.

— ஐயா, அஞ்சாவது பேர் வரும்னு சொல்லுங்க. நான் இப்பவே போயிடறேன்.

— வரும். கீழே வேணாம், கல்லைத் திருப்பிப் போட்டு முதல் பேரா வெட்டு. மத்த நாலும் அதுக்குக் கீழே வரட்டும்.

— போதும். எங்கப்பாவுக்கு அது போதும். ரெண்டாவது கல்லை நான் உடைச்சுப் போட்டுடறேன். உங்க மக முன்னால எதுவும் பேச வேணாம். பேர் சரிபார்க்க வந்தேன், பார்த்தாச்சு, அவ்வளவுதான். மேஸ்திரி, கண்ணைத் துடைங்க.

— நீ நல்லா இருப்பே தாயி. உன் குலம் நல்லா இருக்கும். மாப்ளே, பொண்ணே விட்டுருச்சு, பாத்தியா? நாமளும் இதோட விட்டுருவோம்.

— அவ தாத்தனுக்குக் கெட்ட பேர் போய் கல்லுல பேர் கிடைச்சுது மச்சான், அவ விடலாம். செத்தவனை இத்தனை வருஷம் நான் தினம் தினம் கொன்னேன். ஒம்பது வயசுப் பையனைத் தெருவுல போட்டேன். எல்லாத்தையும் உன் பேச்சை நம்பிச் செஞ்சேன். எனக்கு நீ எதைத் திருப்பிக் குடுப்பே?

— மாப்ளே, கையெடுத்துக் கும்பிடறேன். கதவுகிட்ட போகாதே.

— ஐயா, வேணாம். அந்தம்மா என்ன பாவம் பண்ணினாங்க?

— உங்கப்பன் என்ன பாவம் பண்ணினான்? தள்ளு மச்சான். உள்ள வாம்மா. தட்டைக் கீழே வெச்சுட்டு இப்படி உக்காரு. நீ பொறக்கணும்னு நம்ம வீடு அஞ்சு பேரைக் காவு குடுத்துச்சு. ஒவ்வொருத்தர் பேரா உன் மாமன் சொல்லுவான், கேட்டுக்கோ.